போன வருடத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி: நாள்வழி, பேரேடு, ஐந்தொகை

சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்ப்பவனுக்கு வருடக் கடைசி என்று ஒன்று ஒழுங்காக வருவதே இல்லை. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். 2025-இல் அது ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் 2026-க்குள் குடியேறிவிட்டோம். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடியில் சேலை எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் ‘பொங்கல், ஜனவரி 15, வியாழன்’ என்று புரூஃபில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் தாளில்) டிக் அடித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 31 ராத்திரி பக்கத்துத் தெருவில் கேக் வெட்டும்போது எனக்கு அந்தப் புது வருடம் பழசாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அதனாலோ என்னவோ, நடந்து முடிந்த வருடத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இருக்காது. 2024 முடிந்தபோது நானும் எல்லோரையும் போல ஒரு டைரியைத் திறந்து உட்கார்ந்தேன் (எங்கள் ஊரில் டைரிக்கு மட்டும் பஞ்சமே வராது). அரை மணி நேரம் யோசித்து எழுதியது இரண்டே வரி: வேலை சரியாக இருந்தது, எங்கும் போகவில்லை. பிப்ரவரியில் போனில் இடம் இல்லையென்று படங்களை அழிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது, அந்த ‘எங்கும் போகாத’ வருடத்தில் நான் கொடைக்கானலில் நின்று வேகவைத்த சோளக்கருது தின்றுகொண்டிருக்கிறேன். படத்தில் இருப்பது நான்தான், ஸ்வெட்டர்தான் மச்சானுடையது.

அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். வத்தல், மல்லி, பருப்பு என்று வாழ்க்கை முழுக்க அந்த நெடியில் இருந்தவர். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி, அதை ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தாளில் நிறுத்துவது ஐந்தொகை. நாள்வழியை முடிக்காமல் எவனாவது பேரேட்டைத் திறந்தால் அவருக்குக் கோபம் வரும். என் இரண்டு வரி டைரியைப் பற்றிச் சொன்னபோது சிரித்துவிட்டு, “நாள்வழியே எழுதாம நேரா ஐந்தொகைக்குப் போயிட்டியே” என்றார். சரி, இந்தத் தடவை அவர் முறையிலேயே செய்து பார்ப்போம் என்று 2025-க்குச் செய்தேன். மூன்று உட்காரலில் முடிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எப்போது உட்காருவது

டிசம்பர் 31 வேண்டாம். அன்றைக்கு எல்லோருக்கும் ஒருவித உருக்கம் வந்துவிடும், உருக்கத்தில் எழுதினால் கணக்கு சரியாக வராது. எங்களுக்கு கடைசி லோடு லாரி ஏறி, காலண்டர் தலையில் தகரப்பட்டை அடிக்கும் டின் மிஷின் சத்தம் நின்று, பைண்டிங் பக்கம் ஆட்கள் தூங்கப் போகிற அந்த ஜனவரி முதல் வாரம்தான் வசதி. போகிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டேன், ஏனென்றால் போகியன்று வீட்டில் பழைய தாள் எதுவும் தப்பாது, அம்மா அள்ளிக்கொண்டு போய்விடுவார். உங்களுக்கு வேறு நாள் ஒத்துவரும். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர் மார்ச்சில் இதைத் தொட முடியாது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு வருடம் முடிவதே ஏப்ரல் கடைசியில்தான், அவர் மே மாதத்தில் பார்க்கட்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு தீபாவளி முடிந்து ஒரு வாரம். எந்த மாதமானாலும் பன்னிரண்டு மாதம் பின்னால் எண்ணினால் சரி, ஜனவரி 1 என்பதெல்லாம் காலண்டர் அடிக்கிற எங்களுக்கு வேண்டுமானால் முக்கியம்.

முதல் உட்காரலுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அதுதான் நீளமானது. மற்ற இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்

போன், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா. நோட்டுதான் வேண்டும், எக்செல் வேண்டாம். எக்செல் திறந்தால் நீங்கள் கட்டத்துக்குக் கலர் அடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் அடித்தேன்.

போனில் முதலில் பார்க்க வேண்டியது படங்கள். தேதிவாரியாகத் தானே அடுக்கியிருக்கும், ஜனவரிக்குப் போய் அங்கிருந்து கீழே வாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள், உண்மையில் அதில்தான் விஷயம் அதிகம்: எந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தீர்கள், எந்த மலைக்குப் போகப் பஸ் நேரம் பார்த்தீர்கள், யாருடைய சமையல் குறிப்பை எடுத்து வைத்துச் செய்யாமலே விட்டீர்கள் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு, பார்க்கும்போது எதையும் அழிக்கக் கூடாது. அழிக்க ஆரம்பித்தால் அன்றைய பொழுது அழிப்பதிலேயே போய்விடும்.

அடுத்தது ஜிபே, போன்பே, பேங்க் கணக்கு. இதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை, ஆனால் டீக்கடைக்குக் கொடுத்த பன்னிரண்டு ரூபாயைப் போல உண்மை பேசுகிற சாட்சி கிடையாது. ஊர் டீக்கடை பெயர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதுரையில் ஒரு ஜிகர்தண்டா கடை வரும். அன்றைக்கு ஏன் மதுரையில் இருந்தேன்? அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்த வாரம். ஜிகர்தண்டா அம்மாவுக்குத் தெரியாமல் குடித்தது.

ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி கணக்கில் பழைய பதிவுகள் இருக்கும், ரத்து செய்ததும் சேர்த்து. ரத்து செய்ததையும் எழுதிக்கொள்ளுங்கள், போக நினைத்துப் போகாததும் அந்த வருடத்தில் நடந்ததுதான். கூகுள் மேப்ஸில் எங்கெங்கே போனோம் என்ற டைம்லைன் பலருக்கு இருந்தது. அதை இப்போது கூகுள் சர்வரிலிருந்து போனுக்குள்ளேயே மாற்றிவிட்டார்கள், கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் வசதி போய்விட்டது. அந்த மாற்றத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் பழையதைத் தானே அழிக்கும் ஏற்பாடும் பலருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம், இப்போதே செட்டிங்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மொய் நோட்டு. எங்கள் பக்கம் இது இல்லாத வீடு இல்லை. எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து, எந்த ஊர், எவ்வளவு என்று தேதியோடு இருக்கும். ஒரு வருடத்தில் நீங்கள் எந்தெந்த ஊரில் சாப்பிட்டீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

நாள்வழி: பார்த்ததை மட்டும் எழுதுவது

மாதத்துக்கு ஒரு பக்கம், பன்னிரண்டு பக்கம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பாதியில் மட்டும் எழுதுங்கள், வலது பாதி காலியாக இருக்கட்டும், பின்னால் ஞாபகம் வருவதெல்லாம் அங்கே போகும். இடது பக்கத்தில் தேதி, சம்பவம், அவ்வளவுதான். ‘அருமையான பயணம்’, ‘மோசமான மாதம்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. மண்டியில் மூட்டை வந்தால் எத்தனை மூட்டை, என்ன எடை என்றுதான் நாள்வழியில் ஏறும், வத்தல் பார்க்க அழகாக இருந்தது என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், வருடத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரைப் பற்றியது. எங்களுக்கோ அந்த இரண்டு மாதமும் ராவும் பகலும் வேலை, கண் எரிச்சல், புரோட்டா. அதை வைத்து மொத்த வருடத்துக்கும் மார்க் போட்டால் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தில் வில்லெம் வாகனார் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார், ஆறு வருடம் தனக்கு நடந்ததில் தினமும் ஒன்றிரண்டு சம்பவத்தைக் குறித்து வைத்து, பிற்பாடு அதைத் தனக்கே பரீட்சையாக வைத்துப் பார்த்து 1986-இல் எழுதினார். ஒவ்வொரு சம்பவத்துக்கும் என்ன, யார், எங்கே, எப்போது என்று நான்கு குறிப்பு. இதில் ‘என்ன’ என்ற குறிப்பைக் கொடுத்தால்தான் அதிகம் ஞாபகம் வந்தது, ‘எப்போது’ என்பதை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. அதனால் ‘மார்ச்சில் என்ன செய்தேன்?’ என்று உங்களையே கேட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பது வீண் வேலை. பதில் வராது, வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். என் 2024 டைரியில் நடந்தது அதுதான். ஒரு படத்தை, ஒரு ரசீதை, ஓர் ஆளை முன்னால் வைத்தால் மீதி தானாக வரும்.

எனக்கு ஜூலை மாதப் பக்கம் எப்படி வந்தது என்று காட்டுகிறேன். படத்தில் முதலில் கிடைத்தது ஈரத் துண்டு, குற்றாலத்தில் பழைய குற்றாலப் பக்கம் எடுத்தது. வலது பாதியில், ‘எண்ணெய் தேய்த்துவிட்டவர் என் முதுகைப் பார்த்து ‘உட்கார்ந்தே வேலையா’ என்று கேட்டார்’ என எழுதினேன், அது படத்தில் கிடையாது, துண்டைப் பார்த்ததும் வந்தது. அதற்கு மறுநாள் தேதியில் பாலம் ஒன்றின் படம் ஏழு. செங்கோட்டையில் ரயில் ஏறிப் புனலூர் வரை போயிருக்கிறோம், கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் வரும்போது பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பாதையை 2010-இல் மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாற்றுவதற்காக மூடினார்கள், மறுபடி முழுதாக ஓடியது 2018-இல். எட்டு வருடமும் போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, திறந்து ஏழு வருடம் கழித்துப் போயிருக்கிறேன். அதற்குக் கீழே ஜூலை 14, ஜிபேயில் ஸ்டிக்கர் கடைக்கு எண்ணூற்று ஐம்பது ரூபாய். அந்தக் கதை கீழே வரும்.

பன்னிரண்டு பக்கமும் முடிந்ததும் வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். ராமேஸ்வரம் போனது ஆகஸ்ட் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, “ஆகஸ்டா? மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம்டா அது, கூட்டம் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்னு நான்தானே சொன்னேன்” என்றார். டிக்கெட்டைத் தேடினால் செப்டம்பர் 13. வருடம் பூராவும் திதியும் தேதியும் புரூஃப் பார்க்கிறவன் நான்.

பேரேடு: வேலை

மறுநாளோ அடுத்த ஞாயிறோ இரண்டாவது உட்காரல். நாள்வழியில் உள்ளதை மூன்று தலைப்பில் பிரித்து ஏற்றுங்கள்: வேலை, பயணம், பொழுதுபோக்கு. நாலாவதாக ஒரு பக்கம் ‘மற்றவை’ என்று விடுங்கள். ஆஸ்பத்திரி, துக்கம், வீட்டு வேலை, பிள்ளைகளின் அட்மிஷன் எல்லாம் அங்கே போகும். சிலருக்கு அந்த வருடம் அந்த நாலாவது பக்கம்தான் நிறைந்திருக்கும். அப்படி இருந்தால் மற்ற மூன்று பக்கமும் ஏன் காலி என்று நீங்கள் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, பதில் அங்கேயே இருக்கிறது.

வேலைப் பக்கத்தில் பதவியை எழுதாதீர்கள், கையால் செய்த வேலையை எழுதுங்கள். கம்பெனியில் அப்ரைசல் படிவம் நிரப்புகிறவர்கள் அந்தப் படிவத்தை எடுத்து இதில் ஒட்ட வேண்டாம், அது மேலதிகாரி படிப்பதற்காக எழுதியது, அதில் உள்ள மொழி வேறு. நான் ஜாப் கார்டுகளைப் பார்த்து எழுதினேன். வருடத் தொடக்கத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள், மார்ச்சிலிருந்து மே வரை பள்ளி நோட்டு அட்டை, ஜூனில் தினசரி காலண்டர் தாளுக்கான மேட்டர், ஆகஸ்டிலிருந்து மாதக் காலண்டர். இப்படி எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது, வருடத்தின் முதல் பாதியில் நான் தனியாகப் பார்த்த புரூஃபை இரண்டாம் பாதியில் புதிதாக வந்த இரண்டு பையன்கள் பார்த்திருக்கிறார்கள், நான் அவர்களுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அதாவது நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு வேலை செய்கிறேன் என்று வருடம் முழுக்க எனக்கே தெரியாது.

இந்தப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். ஜனவரியில் தெரியாத எது இப்போது தெரிகிறது? எதற்காக மற்றவர்கள் என்னைத் தேடி வந்தார்கள்? இரண்டாவதற்கு வாட்ஸ்அப் தேடலில் ‘ஒரு சந்தேகம்’ என்று போட்டுப் பார்த்தேன், நல்ல வேட்டை.

தப்பையும் எழுத வேண்டும். அந்த எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு வருகிறேன். ஒரு மளிகைக் கடைக்கு நோட்டீஸும் விலைப்பட்டியல் அட்டையும், மொத்தம் 2,000. புரூஃப் பார்த்தது நான். கையெழுத்துப் போட்டதும் நான். கட்டிங் முடிந்து பண்டல் கட்டும்போது, கட்டுகிற அக்கா ஒருவர் அதில் உள்ள நம்பருக்கு விளையாட்டாகப் போன் போட்டிருக்கிறார், எடுத்தது திண்டுக்கல்லில் யாரோ. 69 என்று இருக்க வேண்டிய இடத்தில் 96. மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை, அது திட்டுவதைவிட மோசம். அன்று மாலை சின்ன ஸ்டிக்கரில் சரியான நம்பரை அடித்து வாங்கி, ஆறு பேர் தரையில் உட்கார்ந்து ராத்திரி ஒன்றரை மணி வரை நோட்டீஸ், அட்டை என்று மொத்தம் 2,000-த்திலும் ஒட்டினோம். ஸ்டிக்கர் கோணலாகப் போனால் உரிக்கும்போது வார்னிஷோடு சேர்ந்து வரும், அதனால் ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்த அக்காதான் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். ஸ்டிக்கர் பணம் என் கையிலிருந்து. அன்றிலிருந்து எந்தப் புரூஃபிலும் போன் நம்பரைப் படிப்பதில்லை, அந்த நம்பருக்குக் கூப்பிட்டே பார்த்துவிடுகிறேன். பேரேட்டில் இதைச் செலவுப் பக்கம் எழுதுவதா வரவுப் பக்கமா என்று இன்னும் முடிவாகவில்லை, இரண்டிலும் எழுதியிருக்கிறேன்.

பயணம்

எத்தனை இடம் பார்த்தேன் என்று எண்ணினால் பெருமைக்கு எண்ணுவோம். வீட்டுக்கு வெளியே எத்தனை இரவு தூங்கினேன் என்று எண்ணுங்கள். எனக்கு 2025-இல் 23 இரவுகள். அதில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று 9, பிரஸ் வேலையாகச் சென்னை, கோயம்புத்தூர் போனது 8, மதுரையில் ஆஸ்பத்திரி 3, மீதி 3 இரவுதான் நானாக ஆசைப்பட்டுப் போனது: குற்றாலம் இரண்டு, ராமேஸ்வரம் ஒன்று. ‘ரொம்ப அலைச்சல்’ என்று நான் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யில்லை, ‘நல்லா ஊர் சுத்துறே’ என்று மச்சான் சொன்னதுதான் பொய். இந்தப் பிரிவினை இல்லாமல் மொத்தமாக ‘நிறையப் பயணம்’ என்று எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

சொந்தப் பயணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: எவ்வளவு செலவு, யார் கூட வந்தார்கள், கண்ணில் நிற்பது எது. ராமேஸ்வரத்துக்கு நான் எழுதியது இது. செலவு இரண்டு பேருக்கு நாலாயிரத்துச் சொச்சம். கூட வந்தது அம்மா. நிற்பது பாம்பன். பழைய பாலம் 1914-இல் திறந்தது, அதில் ரயிலை நிறுத்தியது 2022 டிசம்பரில், புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்து, நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு கப்பலுக்காக அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும். இதையெல்லாம் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அம்மா பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு அதில்தான் போனாராம், ரயில் ஊர்ந்தபோது பயந்து கண்ணை மூடிக்கொண்டதால் அன்று எதையும் பார்க்கவில்லையாம். என் குறிப்பில் இதுதான் மூன்றாவது வரி.

போகாமல் விட்டதைப் பக்கத்திலேயே எழுதி, ஏன் என்றும் எழுதுங்கள். எனக்கு மூன்று, மூன்றுக்கும் ஒரே காரணம், டிக்கெட் எடுக்கவில்லை. முன்பதிவு 120 நாளாக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகிவிட்டது, ‘இன்னும் நாளிருக்கு’ என்று நான் இருந்த நாட்களில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிட்டது. தட்கலில் பார்க்கலாம் என்றால் ஜூலை 1-லிருந்து ஐஆர்சிடிசி கணக்கோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும், அதையும் நான் கடைசி நேரத்தில்தான் செய்தேன். நேரமில்லை, வேலை, என்று மற்றவர்களிடம் சொன்ன காரணங்கள் எதுவும் நோட்டில் வரவில்லை.

பொழுதுபோக்கு

இங்கேதான் நாம் அதிகம் கதை விடுவோம். கூச்சப்படாமல் மூன்றாகப் பிரியுங்கள்: செய்தது, அதற்காகப் பொருள் வாங்கியது, அதைப் பற்றி வீடியோ பார்த்தது. என் பக்கத்தில் ‘கீபோர்டு’ என்ற வரிக்கு நேரே, வாங்கியது ஐயாயிரத்து எழுநூறு, பார்த்த வீடியோ கணக்கே இல்லை, வாசித்தது ஆறு நாள். ஆறும் பிப்ரவரியில்.

அதே பக்கத்தில் நான் பொழுதுபோக்கு என்றே நினைக்காத ஒன்று இருந்தது. பொங்கல் சமயத்தில் நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுப்பு நடக்கும், யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். பிரஸ்ஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். திருத்தங்கல் தாண்டி ஒரு கண்மாய், முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய் எங்கே வெளியே வரும் என்று நாங்கள் இருவரும் பந்தயம் கட்டிக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திப் பத்து நிமிடம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வருடக் கடைசியில் ஈபேர்டைத் திறந்தால் 37 பட்டியல் ஏற்றியிருக்கிறேன், 81 வகைப் பறவை. ஒரு ரூபாய் செலவில்லை, பைனாகுலர்கூட அவருடையது. மஞ்சள் மூக்கு நாரைகள் மார்ச்சில் எத்தனை நின்றன, தண்ணீர் வற்றிய மே மாதத்தில் எத்தனை என்று என்னால் சொல்ல முடியும். கீபோர்டில் ச-ரி-க-ம தாண்டவில்லை.

ஆகவே எண்ணும்போது மணிக்கணக்கு வேண்டாம், எத்தனை தடவை என்று எண்ணுங்கள். ஒரே நாளில் ஏழு மணி நேரம் மாடித்தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவர், மணிக்கணக்கில் பார்த்தால் பெரிய தோட்டக்காரராகத் தெரிவார்.

ஐந்தொகை

மூன்றாவது உட்காரல், ஒரே தாள். இடது பக்கம் இருப்பு, வலது பக்கம் கடன். இருப்பு என்பது அடுத்த வருடத்துக்குள் கையோடு எடுத்துக்கொண்டு போவது: என்னுடையதில் போன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், கண்மாய், வேலை பழகிவிட்ட இரண்டு பையன்கள், புனலூர் பாதை. கடன் என்பது யாருக்கு நான் பாக்கி. பணம் மட்டுமில்லை, பாதியில் நிற்கிற எல்லாம். துக்கத்துக்குப் போக முடியாமல் விட்ட ஒரு வீடு இருக்கிறது, போன் கூடப் பண்ணவில்லை. அந்தப் பெயரை எழுதியதும் அன்று சாயங்காலமே போய்விட்டு வந்தேன், நோட்டு எழுதியதில் கைமேல் கிடைத்த பலன் அதுதான்.

அப்புறம் வராக்கடன். மண்டியில் இனி வராது என்று தெரிந்த பாக்கியை வருடா வருடம் பேரேட்டில் தூக்கிக்கொண்டே போக மாட்டார்கள், ஒரு நாள் முதலாளியைக் கேட்டுவிட்டு எழுதித் தள்ளிவிடுவார்கள். நாம்தான் ‘அடுத்த வருடம் கண்டிப்பாக’ என்று அதே நாலு ஆசையைப் பத்து வருடம் தூக்கித் திரிகிறோம். மூன்று வருடமாக உங்கள் பட்டியலில் வந்து, மூன்று வருடமும் மூன்று தடவைகூடத் தொடாத ஒன்று இருந்தால் வராக்கடனில் போட்டுக் கோடு கிழித்துவிடுங்கள். கீபோர்டு இப்போது அக்கா மகள் வீட்டில் இருக்கிறது, அவள் வாசிக்கிறாளாம். அதைக் கொடுத்த அன்று மனசு லேசாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்தத் தாளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போடப் போகிறோம் என்று தெரிந்தாலே கை வேறு மாதிரி எழுதும். புருஷன் பெண்டாட்டி இருவரும் செய்தால் தனித்தனி நோட்டில் எழுதிவிட்டு நாள்வழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்தொகையை மாற்றிக்கொண்டால் அன்றைக்குச் சமையல் நடக்காது. வீட்டில் பெரிய இழப்பு நடந்த வருடமாக இருந்தால், அந்த மாதத்துப் பக்கத்தைத் தேதி மட்டும் போட்டுக் காலியாக விட்டுவிட்டு மேலே போங்கள். படங்களை இப்போது திறக்க வேண்டாம்.

அடுத்த வருடத்துக்கு

இவ்வளவு தோண்ட வேண்டியிருந்ததே நான் எதையும் குறித்து வைக்காததால்தான். டைரி எழுதுவது எனக்குச் சரிப்படாது, பத்தாம் தேதியோடு நின்றுவிடும். அதனால் தினசரி காலண்டரையே பிடித்துக்கொண்டேன். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று முன்பக்கம் அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறது, பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கும்போது அதன் பின்னால் ஒரே ஒரு வரி, நேற்று என்ன நடந்தது என்று. ஒன்றும் நடக்கவில்லையென்றால் என்ன சாப்பிட்டேன் என்று. எழுதிய தாளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும், டப்பா காலண்டர் ஆணிக்கு நேர் கீழே இருக்க வேண்டும், நாலடி தள்ளி இருந்தால்கூடத் தாள் பால் கணக்குக்குப் போய்விடுகிறது. அம்மாவிடம் இந்த டப்பாவைப் போகியில் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தாள் ரொம்ப மெல்லிசு, ஜெல் பேனா மறுபக்கம் வரை ஊறிவிடும், நல்ல நேரமும் நேற்று தின்ற இட்லியும் ஒன்றாகிவிடும்.